எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டுவது எதற்கு?

பெருந்துறையிலிருந்து விஜயமங்கலம் போகிற வழி, காலை எட்டரை மணி. சர்வீஸ் ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிற பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, இடது முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிய ஹெல்மெட். எதிரே எக்ஸெல்லில் வந்த பெரியவர் ஒருவர் இடது கையை எடுத்துத் தன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பையனுக்கு உடனே புரிந்தது. ஓரங்கட்டி நிறுத்தினான், ஹெல்மெட்டை மாட்டினான், வாரைக்கூடப் போட்டுக்கொண்டான். அரை கிலோமீட்டர் தள்ளிப் பாலத்துக்கு அடியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களைக் கடந்து போனான். அடுத்த பாலம் வருவதற்குள், ஓடுகிற வண்டியிலேயே ஒற்றைக் கையால் கழற்றி, ஹெல்மெட்டை மறுபடி முழங்கைக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அந்தப் பெரியவர் நல்ல மனசோடுதான் தட்டிக் காட்டினார். முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் மிச்சமாகட்டும் என்று நினைத்திருக்கிறார். தலை மிச்சமாகட்டும் என்பதற்கும் அதே சைகைதான். ஆனால் பையன் காதில் விழுந்தது முதலாவது மட்டும். வாரத்துக்கு மூன்று நாள் ஈரோட்டுக்கும் கோவைக்கும் இடையே ஓட்டுகிற எனக்கு, எதிரே வருகிறவரைக் கையாலோ லைட்டாலோ எச்சரிக்கிற இந்த வழக்கத்தைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது, இதனால் ரோட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

முதலில் இதன் பிறப்பைப் பார்க்க வேண்டும். சேலம்–கோவை ரோடு நான்கு வழியாவதற்கு முன்னால், எதிரெதிராக வண்டி போகிற ஒற்றை ரோடாகத்தான் இருந்தது. பழைய எண் 47, இப்போது 544. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று லாரித் தொழிலில் ஊறிய ஊர்கள் எல்லாம் இந்தப் பக்கத்தில்தான். செல்போன் இல்லாத காலத்தில் ஒரு ஓட்டுநருக்குச் செய்தி சொல்லக்கூடியவர் எதிரே வருகிற இன்னொரு ஓட்டுநர் மட்டுமே. அவரிடம் இருந்தது இரண்டு விளக்கு, ஒரு ஹாரன், ஜன்னலுக்கு வெளியே நீட்ட ஒரு கை. அந்த மூன்றை வைத்து ஒரு மொழியே உண்டானது. முன்னால் பாலத்தில் லாரி மாட்டிக்கொண்டிருக்கிறது, மரம் விழுந்திருக்கிறது, மாட்டுச்சந்தைக் கூட்டம் ரோட்டில் நிற்கிறது என்றால் இரண்டு முறை டிம் டிப் அடிப்பார்கள்.

சத்தியமங்கலம் காட்டில் இருக்கிற திம்பம் மலைப்பாதையில் இந்த மொழி இன்றைக்கும் அதன் பழைய பொருளோடு வாழ்கிறது. 27 கொண்டை ஊசி வளைவு கொண்ட பாதை அது. 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சாயங்காலம் ஆசனூர் பக்கமிருந்து இறங்குகிற வண்டி லைட் அடித்தால், பெரும்பாலும் யானை நிற்கிறது என்று அர்த்தம். கரும்பு லாரிக்காகக் காரப்பள்ளம் பக்கம் யானை காத்து நிற்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அங்கே லைட் அடித்தால் யாரும் அலட்சியம் செய்வதில்லை. காரை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், ரிவர்ஸ் எடுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மொழிக்கு அகராதி கிடையாது. பிரிட்டனில் ஒருவர் லைட் அடித்தால் பழக்கத்தில் அதற்கு ‘நீங்கள் போங்கள்’ என்று அர்த்தம். நம் ஊரில் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று அர்த்தம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், ‘ஏறி வா’ என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார், ‘ஏறாதே’ என்று இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார், லாரிக்காரரோ உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போகிறார். காங்கேயம் ரோட்டிலும் தாராபுரம் ரோட்டிலும் இந்தக் குழப்பத்தால் போன உயிர்கள் உண்டு. எதிரே வருகிறவர் லைட் அடிப்பது எச்சரிக்கையா, அதட்டலா, ‘உன் ஹை பீம் கண்ணைக் கூசுகிறது’ என்ற முறையீடா என்பதை ஓட்டுகிறவர் அரை நொடியில் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சரி, யானையிலிருந்து போலீஸுக்கு எப்படி வந்தது?

இதற்குப் பதில் நம்பிக்கைக் குறைவில் இருக்கிறது. அதை ஓட்டுநர்களின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. லாரி ஓட்டுகிறவரைக் கேட்டால், ரோட்டோரத்தில் கைகாட்டி நிறுத்துவது என்றாலே காசு என்றுதான் அவர் மனசில் பதிந்திருக்கிறது. காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஏதாவது ஒன்று குறையும், அந்தக் குறைக்கு ஒரு விலை இருக்கும் என்ற அனுபவம் தலைமுறையாக வந்தது. அப்படி ஓட்டியவர்களுக்கு முன்னால் நிற்கிற ஆள் பாதுகாப்புக்கு நிற்கிறார் என்று தோன்றாது. மழை, வெள்ளம், யானை மாதிரி அவரும் வழியில் வருகிற ஒரு தொந்தரவு. ஆகவே அதே லைட்டை அவருக்கும் அடித்தார்கள். கார் வைத்திருப்பவர்களும் பைக்கில் போகிறவர்களும் லாரிக்காரர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டோம்.

வேக வரம்பு விஷயத்தில் அரசின் பக்கமும் தெளிவாக இருந்ததில்லை. 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், பேருந்துகளுக்கு 90, லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் 80 என்றது. விரைவுச்சாலையில் கார்களுக்கு 120. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வேகத்தால் இத்தனை சாவு நடக்கும்போது வரம்பை ஏற்றுவது எப்படிச் சரி என்பது நீதிபதிகளின் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவுப்படி மாநில அரசு ஓர் இடத்துக்குக் குறைந்த வரம்பு வைக்கலாம், ஆனால் அதற்குப் பலகை நட வேண்டும். ஓட்டுகிறவருக்குக் கடைசியில் தெரிவது அந்தப் பலகைதான். அது கருவேல மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, கல்யாண போஸ்டர் அதன் மேல் ஒட்டியிருந்தாலோ, இங்கே 80-ஆ 100-ஆ என்று தெரியாமலே போய் மாட்டிக்கொள்வார். பாலம் இறங்குகிற சரிவில், வண்டி தானாக வேகமெடுக்கிற இடத்தில், ஸ்பீட் கன்னோடு ஒருவர் நின்றால் ‘இது பிடிப்பதற்காகவே நிற்பது’ என்று அவருக்குத் தோன்றும். அப்படித் தோன்றிய ஒருவர் அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு எதிரே வருகிற எல்லோருக்கும் லைட் அடித்துக்கொண்டே போவார். நானே போயிருக்கிறேன்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முன்கூட்டியே எச்சரிப்பதைச் சட்டமே செய்யச் சொல்கிறது. 2019 திருத்தத்தில் 136ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், கேமரா, ஸ்பீட் கன் மாதிரி மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிப்பது பற்றியது. அதற்காக 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதி வந்தது. கண்காணிப்புக் கருவி இருக்கும் பகுதிக்கு முன்னால், ஓட்டுகிறவர்கள் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது அந்த விதியில் இருக்கிறது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதும் இருக்கிறது. அதாவது, மறைந்திருந்து பிடிப்பது நோக்கமில்லை, வேகத்தைக் குறைக்க வைப்பதுதான் நோக்கம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது. கூகுள் மேப்ஸும் முன்னால் கேமரா இருக்கிறது என்று குரல் கொடுக்கிறது. அப்புறம் எதிரே வருகிறவர் லைட் அடிப்பதில் மட்டும் என்ன தப்பு?

இந்தக் கேள்வி வெளிநாட்டு நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு லாரி ஓட்டுநர், எதிரே வந்தவர்களுக்குப் போலீஸ் வேகம் அளப்பதைக் கைகாட்டிச் சொன்னார் என்று தண்டிக்கப்பட்டார். 2005-ல் மேல் நீதிமன்றத்தில் அந்தத் தண்டனை நிற்கவில்லை. எச்சரிக்கப்பட்டவர்கள் வேகமாகப் போனார்கள் அல்லது போகவிருந்தார்கள் என்று நிரூபிக்காமல், போலீஸைத் தடுத்தார் என்று சொல்ல முடியாது என்பது காரணம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2014-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, லைட் அடித்து எச்சரிப்பது பேச்சுரிமைக்குள் வரக்கூடும் என்று பார்த்து, அதற்காக ஆட்களைப் பிடிப்பதற்குத் தடை போட்டார். மெதுவாகப் போங்கள் என்று சொல்வது எப்படிக் குற்றமாகும் என்பதுதான் அதன் சாரம்.

எனக்கும் வெகுநாள் அந்த வாதம் சரியாகத்தான் பட்டது. ஒரு காலையில் அது மாறியது.

விஜயமங்கலம் டோல்கேட் தாண்டிச் செங்கப்பள்ளி பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சென்டர் மீடியனில் செவ்வரளி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. எதிர்ப்பக்க வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது என்றுதான் அதை நடுகிறார்கள். செடி பட்டுப்போன ஓர் இடைவெளி வழியாக எதிர்ப்பக்க லாரி ஒன்று இரண்டு முறை லைட் அடித்தது. 110-ல் போன நான் 75-க்கு வந்தேன். ரோந்து வண்டி ஓரமாக நின்றது, கடந்தேன். கடந்தவுடன் கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதித்தது. இனி அடுத்த பத்து கிலோமீட்டருக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. வழக்கத்தைவிட அதிகமாக, 115-ஐ எட்டியிருப்பேன். அரளிக்குள்ளிருந்து ஓர் எக்ஸெல் வெளியே வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன். அந்த இடத்தில் செடியை வெட்டி, ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு ஊர்க்காரர்களே வழி பண்ணியிருந்தார்கள். ஓட்டிவந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் நின்றதால்தான் இரண்டு பேரும் தப்பித்தோம். முன்சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. ஒரு கேனின் மூடி கழன்று தாரில் உருண்டு ஓரத்துக்குப் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் என் கண் அந்த மூடியைத் தேடுகிறது.

லைட் அடித்த லாரிக்காரர் எனக்குச் சொன்ன செய்தி உண்மை. ஆனால் அந்தச் செய்திக்குள் இன்னொன்றும் இருந்தது: ‘இதற்கு அப்புறம் பயமில்லை’. ஒரு கேமராவுக்கு முன்னால் குறைந்து, தாண்டியதும் முன்னைவிட எகிறுகிற இந்தப் பழக்கத்தைச் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கங்காரு தாவல் என்கிறார்கள். இதற்காகத்தான் பல நாடுகளில் ஒரே இடத்து வேகத்தை விட்டுவிட்டு, இரண்டு கேமராக்களுக்கு இடையே வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தை அளக்கிறார்கள். பத்து கிலோமீட்டருக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நிமிடத்துக்குக் குறைந்தால் 100-ஐத் தாண்டியிருக்கிறீர்கள் என்று கணக்கே சொல்லிவிடும். அங்கே லைட் அடித்து யாரையும் காப்பாற்ற முடியாது. நம் ரோட்டுக்கும் அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். போலீஸ்காரர் பாலத்துக்கு அடியில் நிற்கவும் வேண்டாம், யாரிடமும் கை நீட்டுகிறார் என்ற சந்தேகமும் வேண்டாம்.

120-க்கும் 100-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றும். கணக்கு வேறு மாதிரி வருகிறது. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ரோடு காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது. 100-ல் போகிற கார், பார்த்த இடத்திலிருந்து சுமார் 98 மீட்டரில் நின்றுவிடும். 120-ல் போகிற காருக்குச் சுமார் 130 மீட்டர் வேண்டும். இதை வேறு விதமாகச் சொன்னால்தான் உறைக்கும். 100-ல் வந்தவர் சரியாக எக்ஸெல்லுக்கு முன்னால் நின்றுவிடுகிற அதே இடத்தில், 120-ல் வந்தவர் இன்னும் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பார். 20 கிலோமீட்டர் கூடுதல் வேகம், முட்டும் இடத்தில் 75 ஆகிவிடுகிறது. இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? ஈரோட்டிலிருந்து கோவை சுமார் 100 கிலோமீட்டர். வழி முழுக்க ஒரே வேகத்தில் போனால்கூடப் பத்து நிமிடம். டோல்கேட்டிலும் ஊருக்குள் நுழைகிற சிக்னலிலும் அதில் பாதி போய்விடும்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் ஏறினால் உயிர்போகும் விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் ஏறுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 70 சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பில் பதிவாகியிருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இந்த 70 சதவீதத்தை நான் கொஞ்சம் நிதானமாகத்தான் பார்க்கிறேன். முதல் தகவல் அறிக்கை எழுதும்போது ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்பது கை தானாக எழுதுகிற வரி. ரோட்டின் வடிவம், வெளிச்சம், தூக்கம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிவந்த கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் போனார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததாகத்தான் சொல்லப்பட்டது. தூக்கத்தை எந்த ஸ்பீட் கன்னும் அளக்காது.

அப்புறம் நம் ரோடு யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. கொங்கு நாட்டு நெடுஞ்சாலை பல இடங்களில் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவதில்லை, அவற்றின் நடுவே போகிறது. வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவது குறுக்கே. காலையிலும் மாலையிலும் பனியன் கம்பெனி வேன்களும் மில் பேருந்துகளும் ஆட்களை ஏற்றி இறக்க ஓரத்தில் நிற்கும். சரியான இடத்தில் திரும்ப வேண்டுமென்றால் மூன்று கிலோமீட்டர் போய் வர வேண்டும் என்பதால் ராங் சைடில் எதிரே வருகிறவர்களும் உண்டு. ஒரே ரோட்டில் 110-ல் ஒரு கார், 60-ல் ஒரு முட்டை லாரி, 30-ல் ஓர் எக்ஸெல், நடந்து கடக்கிற ஒரு பாட்டி. ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வேக வித்தியாசம்தான்.

கோவையை ஒட்டிய நீலம்பூரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். செங்கப்பள்ளியிலிருந்து ஆறு வழியில் தாராளமாக வந்தவர், மதுக்கரை போகிற பைபாஸில் நுழைந்ததும் தடுப்பில்லாத இரண்டு வழியில் இருப்பார். ஆனால் கண்ணும் காலும் இன்னும் ஆறு வழியிலேயே இருக்கும். அரை மணி நேரம் 100-ல் ஓட்டிய பிறகு 60 என்பது ஊர்ந்து போகிற மாதிரி தோன்றும். இது உடம்பின் இயல்பு, யாருக்கும் விதிவிலக்கில்லை. அதனால் ஸ்பீடாமீட்டரைப் பார்க்காமல் மனசால் வேகத்தை மதிப்பிடுவது அந்த இடத்தில் ஆபத்து. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80-ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒரு பீப் சத்தம் வரும், 120-ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். அந்தச் சத்தத்தை அமுக்கப் பாட்டை ஏற்றி வைக்கிறவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள்.

போலீஸுக்காக லைட் அடிப்பதில் எனக்கு இப்போது இன்னொரு தயக்கமும் உண்டு. நான் அடிக்கிற லைட் யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு நிற்கிற போலீஸ் பெரும்பாலும் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைத்தான் பார்க்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். எதிரே வருகிற பத்துப் பேரில் ஒருவர் குடித்திருந்தால், என் லைட்டைப் பார்த்து ஊர் ரோட்டில் திரும்பித் தப்பித்துப் போவது அவர்தான். மற்ற ஒன்பது பேருக்கும் என்னால் ஒரு பயனும் இல்லை. அந்த ஊர் ரோட்டில் யார் நடந்து வருகிறார்களோ அவர்களுக்குத்தான் கேடு.

அதனால் போலீஸுக்கு அடிப்பதை விட்டுவிட்டேன். மற்றதற்கெல்லாம் முன்னைவிட அதிகமாக அடிக்கிறேன். பழுதாகி நிற்கிற லாரிக்கு, அதன் பின்னால் வைத்த மரக்கிளைக்கும் கல்லுக்கும், லாரி போன பிறகும் எடுக்காமல் விட்டுப்போன அதே கல்லுக்கு, ராங் சைடில் வருகிற வண்டிக்கு, இருட்டில் படுத்திருக்கிற மாட்டுக்கு. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் வண்டியை ஓரங்கட்டி, நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கும் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

போன தைப்பூசத்துக்கு முந்தின வாரம், தாராபுரம் ரோட்டில் விடியற்காலை ஐந்து மணி. ஒரு வளைவுக்கு முன்னால் பழனிக்கு நடந்து போகிறவர்கள், முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், ஓரமாக வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் முதுகுப் பையில் சிவப்பு ஒளி ஸ்டிக்கர், பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஒருவர் தோளில் குழந்தை தூங்கியது. அவர்களைக் கடந்து வளைவைத் தாண்டியதும் எதிரே ஒரு கார் வேகமாக வந்தது. இரண்டு முறை லைட் அடித்தேன். கார் சட்டென்று வேகம் குறைந்து, என் பக்கத்தில் வந்து, கண்ணாடி இறங்கியது.

“முன்னாடி செக்கிங்குங்களாண்ணா?”

“இல்லீங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆளுங்க நடந்து வர்றாங்க. கொழந்தைங்களும் இருக்குது.”

“சரிங்கண்ணா,” என்றார். லைட்டை டிம் பண்ணிக்கொண்டு மெதுவாக வளைவுக்குள் போனார்.